லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை தகராறு: புது அடாப்டர் வாங்கும் முன்

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸ் போட்டேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை. "வைஃபை அடாப்டர் எதுவும் கிடைக்கவில்லை" என்கிறது. கார்டு போய்விட்டதா? யூஎஸ்பி அடாப்டர் வாங்கிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த கார்டு, இயங்குதளத்தை மாற்றியதால் பழுதாகாது. ரேடியோ அணைந்திருக்கும், அல்லது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இல்லை, அல்லது ஃபர்ம்வேர் கோப்பு (கார்டுக்குள் ஏற்றப்படும் நிரல்) இல்லை. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். எதைச் சரிசெய்யவும் காசு தேவையில்லை.

டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரம்) திறந்து 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையைக் கொடுங்கள். வைஃபைக்கு நேராக 'சாஃப்ட் பிளாக்டு: எஸ்' என்று வந்தால் மென்பொருள் அணைத்து வைத்திருக்கிறது, 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' அதைத் திறந்துவிடும். 'ஹார்டு பிளாக்டு: எஸ்' என்று வந்தால் எந்தக் கட்டளையும் உதவாது. லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் சுவிட்ச், விமானப் படம் போட்ட விசை, பயாஸ் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஆகியவற்றைப் பாருங்கள்.

அங்கே கோளாறு இல்லையென்றால் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே'. பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். சதுர அடைப்புக்குள் நடுவே முக்காற்புள்ளி வைத்து நான்கு நான்கு எழுத்தாக ஓர் எண் இருக்கும். முதல் பாதி சிப் யாருடையது என்று சொல்லும்: 8086 இன்டெல், 14இ4 பிராட்காம், 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி ஏதெரோஸ். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லாவிட்டால் டிரைவர் ஏறவில்லை. கார்டின் வரியே இல்லையென்றால் 'எல்எஸ்யூஎஸ்பி' கொடுத்துப் பாருங்கள். சில லேப்டாப்களில் உள்ளிருக்கும் கார்டே யூஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கும். அதிலும் காணோமென்றால்தான் பயாஸில் அணைந்திருக்கிறதா, கார்டு இடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

டிரைவர் ஏறியும் வைஃபை வரவில்லையென்றால் 'சூடோ டிமெசேஜ்' (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துதான் கட்டளை) தரும் பதிவில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் -2 என்ற பிழை எண் நின்றால் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று பொருள். உபுண்டுவில் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' தொகுப்பில் இவை இருக்கும். இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனில் இன்டெல், ரியல்டெக், ஏதெரோஸ் என்று தனித்தனித் தொகுப்பு. டெபியன் 12-க்கு (2023) முந்தைய அதிகாரபூர்வ நிறுவியில் இந்தக் கோப்புகள் சேர்க்கப்படவில்லை. பழைய பதிப்பை நிறுவியவர்களுக்கு வைஃபை வராததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பிராட்காமுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. அதன் பல சிப்களுக்கு மூடிய மூலத்தில் அமைந்த 'டபிள்யூஎல்' டிரைவர் வேண்டும். உபுண்டுவின் 'கூடுதல் டிரைவர்கள்' சாளரத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். ஏதோ பிழைத்திரை என்று பயந்து அதைத் தாண்டிப் போனால் டிரைவர் வட்டில் இருக்கும், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அதை ஏற்காது. "நிறுவியும் வரவில்லை" என்று எழுதும் பிராட்காம்காரர்கள் முதலில் இந்தப் படியைச் சரிபார்க்க வேண்டும்.

இணையமே இல்லாமல் இதையெல்லாம் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வடத்தில் செருகி 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: வைஃபை வருகிறது, ஆனால் அடிக்கடி அறுகிறது. சும்மா வைத்துவிட்டுத் திரும்பினால் பக்கம் திறக்கவே நேரமாகிறது. விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை.

பதில்: மின்சேமிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 'ஐடபிள்யூ டெவ்' கட்டளை உங்கள் கார்டின் பெயரைக் காட்டும். 'சூடோ ஐடபிள்யூ டெவ்', அந்தப் பெயர், 'செட் பவர்_சேவ் ஆஃப்' என்று வரிசையாகக் கொடுத்து, கொஞ்ச நேரம் பயன்படுத்திப் பாருங்கள். அறுபடுவது நின்றால் நோய் தெரிந்துவிட்டது. மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க, நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பை 3-இலிருந்து 2 ஆக்குங்கள். 3 என்றால் சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. பேட்டரி சற்று சீக்கிரம் இறங்கும். இணைப்பு நிலையாக இருப்பதற்கு அந்த விலை தகும்.

நிற்கவில்லையென்றால் 'ஐடபிள்யூ டெவ்', கார்டின் பெயர், 'லிங்க்' என்று கொடுத்து சிக்னலைப் பாருங்கள். -50, -60 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) நல்லது. -75-க்குக் கீழே போனால் ரூட்டரின் இடத்தை மாற்றுங்கள், டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: யூஎஸ்பி 3 வட்டும் அதன் வடமும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். வட்டைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அல்லது ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: யூஎஸ்பி அடாப்டர் வாங்கியே ஆக வேண்டிய நிலை. பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு உண்டு' என்று இருந்தால் நம்பலாமா?

பதில்: அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த வாசகத்துக்குப் பல நேரங்களில் 'பழைய கெர்னலுக்கான மூலநிரல் குறுவட்டில் இருக்கிறது' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அதை நீங்களே தொகுக்க வேண்டும். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது உடையலாம். பெட்டியின் மேலுள்ள பிராண்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். ஒரே மாடல் பெயரில் 'வி1', 'வி2' என்று பதிப்பு மாறும்போது சிப்பும் மாறிவிடுவது உண்டு. ஆகவே பதிப்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் தேர்வு மீடியாடெக். எம்டி7610யூ, எம்டி7612யூ இரண்டுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, செருகினால் ஓடும். வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ, ஆனால் கெர்னல் 5.18 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஏதெரோஸ் ஏஆர்9271 பழையது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், உச்சவேகம் 150 எம்பிபிஎஸ். ஆனாலும் அதன் ஃபர்ம்வேரே திறந்த மூலம் என்பதால், மூடிய கோப்பு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பொருத்தமானது. ரியல்டெக் ஆர்டிஎல்8812ஏயூ வகைக்கு நீண்டகாலம் கெர்னலுக்கு வெளியிலிருந்துதான் டிரைவர் எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் கெர்னல் புதிதில்லை என்றால் தவிர்த்துவிடுங்கள்.

செருகிய அடாப்டர் வட்டு போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே சுமந்து வரும் வகை அது. அந்த வட்டை 'எஜெக்ட்' செய்தால் பல அடாப்டர்கள் வைஃபை முறைக்கு மாறும். மாறாவிட்டால் 'யூஎஸ்பி-மோடுசுவிட்ச்' தொகுப்பை நிறுவுங்கள்.

கேள்வி: உள்ளிருக்கும் கார்டை மாற்ற இன்டெல் ஏஎக்ஸ்201 வாங்கினேன். ஏஎம்டி லேப்டாப்பில் கண்டுகொள்ளவே இல்லை. கார்டு பழுதா?

பதில்: பழுதில்லை, அந்த லேப்டாப்பில் அது ஒருபோதும் ஓடாது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் வைஃபை வேலையின் ஒரு பகுதியை இன்டெல் சிப்செட்டிடமே விட்டுவிடும் வகை. இணைப்பான் அப்படியே பொருந்தும் என்பதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேளுங்கள். இவை சிப்செட்டிடம் வேலையை விடாமல் தாமே முழுதும் செய்யும் பிசிஐஇ கார்டுகள். ஏஎக்ஸ்210-க்குக் கெர்னல் 5.10-ஆவது வேண்டும்.

வாங்கும் முன் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். கார்டு பலகையோடு பற்றவைத்திருந்தால் மாற்ற வழியில்லை. கழற்றக்கூடிய எம்.2 வகைக் கார்டு, 2230 அளவு என்றால் சரி. பழைய மினி பிசிஐஇ என்றால் ஆன்டெனா இணைப்பானின் அளவே வேறு. சில பழைய லேப்டாப்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். உங்கள் மாடலுக்கு அப்படி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மாற்றும்போது பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். ஆன்டெனா முனையை நேர் மேலிருந்து வைத்து விரலால் அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் அந்தச் சிறு வளையம் நசுங்கிவிடும்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கிறேன். விண்டோஸிலிருந்து வந்தால் மட்டும் லினக்ஸில் வைஃபை காணாமல் போகிறது.

பதில்: விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' முழுதாக அணைக்காமல் கார்டைப் பாதி உறக்கத்தில் விட்டுவிடுகிறது. பவர் அமைப்பில் அதை நிறுத்துங்கள். அதுவரை, ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி 'ஷட்டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணையும்.