கேக் வாங்குவது யார் வேலை?

கேள்வி: எங்கள் வங்கிக் கிளையில் ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள். பிரிவுபசார விழாவுக்குப் பணம் வசூலிப்பது, கேக், சால்வை வாங்குவது, மீட்டிங்கில் மினிட்ஸ் எழுதுவது எல்லாம் என் தலையில்தான். போன மாதம் ஒருமுறை முடியாது என்றேன். அன்றிலிருந்து மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நானும் 29 வருடம் அலுவலகத்தில் மினிட்ஸ் எழுதியவள்தான் அம்மா. "யார் எழுதறீங்க?" என்று கேட்டதும் எல்லோரும் மேஜையைப் பார்ப்பார்கள். அந்த மௌனம் தாங்காமல் நானே பேனாவை எடுத்துவிடுவேன். அது என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் தெளிந்தேன். அதில் ஒரு சோதனை: மூன்று பேர் கொண்ட குழு. இரண்டு நிமிடத்துக்குள் யாராவது பட்டனை அழுத்தினால் மற்ற இருவருக்கும் 2 டாலர், அழுத்தியவருக்கு 1.25 டாலர்தான். யாருமே அழுத்தாவிட்டால் ஆளுக்கு 1 டாலர். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் அழுத்தினார்கள். ஆண்கள் மட்டும் இருந்தபோதோ, பெண்கள் மட்டும் இருந்த குழுவுக்குச் சமமாக அவர்களும் அழுத்தினார்கள்! பெண் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோருமே எதிர்பார்க்கிறோம், பெண்களும்தான்.

மேனேஜரின் கோபமும் புதிதல்ல. ஹெயில்மன், சென் என்ற ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சக ஊழியருக்கு உதவிய ஆணுக்கு நல்ல பெயர் கிடைத்தது. உதவாத பெண்ணுக்கு மதிப்புக் குறைந்தது. அதனால் வெறுமனே மறுக்காதீர்கள். கூட்டம் இல்லாத ஒரு மதியம் அவரிடம் போய், அன்று முடியாமல் போன காரணத்தை நேராகச் சொல்லுங்கள். கையோடு எட்டுப் பெயரையும் மாதவாரியாக எழுதிய தாளைக் கொடுங்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், இரண்டாவது அவருடையது. முறை வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, இதில்தான் நான் பலமுறை தோற்றேன். முதல்முறை ஓர் ஆண் நண்பர் சால்வைக்குப் பதில் துண்டு வாங்கி வரலாம், கேக்கில் பெயரைத் தப்பாக எழுதி வாங்கி வரலாம். "விடுங்க சார், அடுத்த தடவை நானே பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.