அப்பாவின்ர மொறிஸ் மைனரை இரும்புக்குக் குடுக்காதேங்கோ

தம்பி, கிளிநொச்சி வீட்டு மாமரத்துக்குக் கீழ நிக்கிற 1959 மொறிஸ் மைனரைப் பழைய இரும்புக்காரர் கேக்கிறார், லண்டன் மாமா "பழைய காருக்கு அரசாங்கம் காசு தரும், பொறு" எண்டுறார், என்ன செய்ய எண்டு கேட்டிருந்தீங்கள். குடுக்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

மாமா சொல்லுறது பிரித்தானியாவில 2009இல வந்த திட்டம். பத்து வருசம் கடந்த காரைக் குடுத்துப் புதுசு வாங்கினால் 2,000 பவுண் கழிவு. அது 2010இலயே முடிஞ்சுது. அதே 2009இல அமெரிக்காவிலயும் இப்பிடி ஒரு திட்டம் வந்தது. வாங்கின பழைய காரின்ர எஞ்சின் திரும்ப ஓடாமல் இருக்க என்ன செய்தவை தெரியுமோ? ஒயிலை இறக்கிப்போட்டு, சோடியம் சிலிக்கேற் கரைசலை ஊத்தி, எஞ்சின் இறுகி நிக்குமட்டும் ஓடவிட்டவை. நல்லா ஓடின எஞ்சினுகள்! வேற காருக்குப் பூட்டியிருக்கலாம். பழைய கார் வைச்சுப் பாக்கிற ஆக்களுக்கு அந்த நட்டம் திரும்பி வராது.

உங்கட 948 சிசி எஞ்சினின்ர இனம்தான் மினி, ஒஸ்ரின் ஏ40 பரினா கார்களிலயும் இருக்கு. சாமான் தேடிப் பிடிக்கலாம்.

உடன ஸ்ராட் பண்ணாதேங்கோ. சண்டைக்கால வன்னிக் கார் எண்டால் மண்ணெண்ணெயில ஓடியிருக்கும், உள்ளுக்குக் கரி பிடிச்சிருக்கும். நாலு பிளக்கையும் கழட்டி, ஓட்டைக்குள்ள டீசலும் ஒயிலும் கலந்து கொஞ்சம் விட்டு ஒரு கிழமை விடுங்கோ. பிறகு பிளக் பூட்டாமலே, ரொப் கியரில போட்டுக் காரை முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டுங்கோ. ஃபான் பெல்ற் அசைஞ்சால் எஞ்சினுக்கு உயிர் இருக்கு.

காரின்ர பதிவுப் புத்தகத்தைக் கறையானுக்கு விடாதேங்கோ. அதில உள்ள செசி நம்பரும் காரில உள்ளதும் ஒண்டோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.