ஆங்கிலத்தின் மெலிந்த உயிரொலிகளை எப்படிப் பழகுவது?

ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாகத் திருத்தமாகச் சொல்லியும், வாக்கியமாகப் பேசும்போது ஆங்கிலம் இயல்பாக ஒலிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் திருத்தம்தான் இடைஞ்சல். எனக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

ஒருமுறை தொலைபேசியில் ஓர் அமெரிக்கரிடம் "ஐ கேன் கம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "வர முடியாதா? சரி, வேறு நாள் பார்க்கலாம்" என்றார். நான் வருகிறேன் என்றல்லவா சொன்னேன்! அமெரிக்கப் பேச்சில் 'கேன்ட்' என்பதன் கடைசி 'ட்' பெரும்பாலும் வெடித்து ஒலிப்பதில்லை. உயிரொலி முழுதாக வந்தால் 'முடியாது', தேய்ந்து 'க்ன்' என்று வந்தால் 'முடியும்'. (பிரிட்டிஷ்காரர்கள் 'கான்ட்' என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.) நான் அக்கறையோடு ஒலித்த அந்த உயிரொலிதான் பொருளைக் கவிழ்த்தது.

இந்த மெலிந்த ஒலிக்கு ஷ்வா என்று பெயர். எபிரேய இலக்கணத்திலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். ஆனால் இதற்கென்று தனி எழுத்து கிடையாது. 'அபவுட்' என்பதன் முதல் ஒலி, 'டேக்கன்', 'பென்சில்', 'லெசன்', 'சர்க்கஸ்' ஆகியவற்றின் இரண்டாம் உயிரொலி எல்லாம் இதே ஒலிதான், ஐந்து வெவ்வேறு உயிரெழுத்துகளில் எழுதப்படுகிறது. எழுத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில், ஆங்கிலச் சிறிய 'e' எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட குறி (ə) எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான பழக்கம் அல்ல. கண்ணாடி முன் நின்று 'குரு' என்று சொல்லுங்கள். முடிவில் உதடு குவியும். அடுத்து 'காற்று' என்று சொல்லுங்கள், குவியாது. ஒரு மாத்திரை உகரம் அரை மாத்திரையாகக் குறையும் இந்தக் குற்றியலுகரத்தைத் தொல்காப்பியம் அன்றே வகுத்துச் சொல்லிவிட்டது. ஷ்வா இதே ஒலி அல்ல. ஆனால் 'காற்று' என்பதன் முடிவில் உதடு சும்மா இருக்கிறதே, அந்தத் தளர்வை அப்படியே வைத்துக்கொண்டு நாக்கைச் சற்றுத் தாழ்த்தி வாயின் நடுவில் கிடக்கவிட்டால் ஷ்வா வந்துவிடும். இது பிடிபட்ட அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் மறக்கவில்லை.

ஷ்வாவை மட்டும் தனியே எடுத்துப் பழகாதீர்கள். நான் அப்படிச் செய்து, எல்லா உயிரொலிகளையும் விழுங்கி, முணுமுணுப்பவனாகிப் போனேன். அழுத்தம் விழும் அசையை நீட்டி, சற்று உயர்த்திச் சொல்லப் பழகுங்கள். மற்றவை தாமாக மெலியும். 'போட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில், இரண்டாவது தேய்கிறது. 'போட்டோகிராஃபி' என்றால் அழுத்தம் இரண்டாவதற்குத் தாவ, முதலும் மூன்றாவதும் தேய்ந்து 'ஃப-டா-க்ர-ஃபி' போல ஆகிறது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி இருபது முறை சொன்னாலே போதும், காது விழித்துக்கொள்ளும்.

அடுத்து மேசையில் மூன்று தட்டு தட்டி "பாய்ஸ் ரீட் புக்ஸ்" என்று சொல்லுங்கள். பிறகு அதே மூன்று தட்டுக்குள் "த பாய்ஸ் ஆர் ரீடிங் த புக்ஸ்" என்று அடக்குங்கள். கருவி வைத்து அளந்தால் இரண்டும் சமமாக இராது. பயிற்சிக்கு அது பொருட்டல்ல. இடையில் வரும் சிறு சொற்கள் நெரிசலில் ஒடுங்கியே தீரும். உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் கேட்கக் கூச்சமாக இருக்கும், விடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சிறு சொற்கள் எப்போதும் மெலிவதில்லை. "ஐ கேம் ஃப்ரம் ஸ்கூல்" என்பதில் 'ஃப்ரம்' தேய்கிறது. "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்று வாக்கியத்தின் முடிவில் நின்றால் உயிரொலி முழுதாக வந்தாக வேண்டும். "கேன் யூ கம்?" என்று யாராவது கேட்டால், "யெஸ், ஐ கேன்" என்ற பதிலிலும் 'கேன்' முழுதாகவே ஒலிக்கும், அங்கே 'க்ன்' என்று சொல்லிவிடாதீர்கள்.