தாளம் போட்டால் கணக்கு வருமா?

அன்புள்ள அண்ணா,

என் மகள் வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையில் தரம் 4 படிக்கிறாள். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் அதிபர் ஒரு புதுத் திட்டம் சொன்னார். அடுத்த தவணையில் வாரத்துக்கு ஒரு கணிதப் பாடவேளையை ஒரு மிருதங்கக் கலைஞரும், ஒரு சுற்றாடல் பாடவேளையை ஒரு பரதநாட்டியக் கலைஞரும் எடுப்பார்களாம். இருவரும் பாடசாலை ஆசிரியர்கள் இல்லை, மேடைக் கலைஞர்கள். அன்றிரவே வட்ஸ்அப் குழுவில் சண்டை. “வாற வருசம் தரம் 5 ஸ்கொலர்ஷிப் சோதினை, இப்ப என்ன கூத்து?” என்கிறது ஒரு பக்கம். “மியூசிக் கேட்டா மூளை வளரும், மோட்சார்ட் கேட்ட பிள்ளையளுக்கு ஐக்யூ கூடும்” என்கிறது மற்றப் பக்கம். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நான் எந்தப் பக்கம் கையைத் தூக்க? இன்னொன்று, மகளின் வயலின் வகுப்பை இந்த வருடத்தோடு நிறுத்தலாமா என்றும் யோசிக்கிறோம்.

ந., கொழும்பு 06

அன்புள்ள தங்கைக்கு,

மோட்சார்ட் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1993இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. அதில் பங்குபற்றியவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் மோட்சார்ட் கேட்டபின், மடித்து வெட்டிய கடதாசியை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகளுக்கு அவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் புள்ளி எடுத்தார்கள். அந்த ஏற்றமும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் அதில் ஒருவர்கூட இல்லை. தொட்டில் பிள்ளைக்கு சீடி வாங்கிப் போடுகிற அளவுக்கு அதை இழுத்துக்கொண்டு போனது வியாபாரம்.

அதற்குப் பிறகு, 2000இல், எலன் வின்னர், லொயிஸ் ஹெட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். கலை படித்தால் மற்றத் திறமைகள் தானாக உயரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று மூன்றே இடத்தில்தான் கிடைத்தது: இசை கேட்பதற்கும், வடிவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்கிற இடம்சார் சிந்தனைக்கும், இசை பயில்வதற்கும் அதே சிந்தனைக்கும், வகுப்பறை நாடகத்துக்கும் மொழித் திறனுக்கும். பரீட்சைப் புள்ளியைக் காட்டிக் கலைக்கு வக்காலத்து வாங்காதீர்கள், நாளைக்குப் புள்ளி ஏறாவிட்டால் கலையைத்தான் வெளியே தள்ளுவார்கள் என்றும் எச்சரித்தார்கள். இதைச் சொன்ன இருவரும் கலைக் கல்விக்காக நிற்பவர்கள்.

ஆனால் உங்கள் அதிபர் சொன்னது வேறு. மிருதங்கம் கேட்டால் மூளை வளரும் என்று அவர் சொல்லவில்லை. மிருதங்கத்தைக் கொண்டு கணக்கையே படிப்பிக்கலாம் என்கிறார். அதற்கு என் பதில்: முடியும், ஆனால் கணக்கு அந்தக் கலைக்குள்ளேயே இருக்கிற இடத்தில் மட்டும். மற்ற இடங்களில் நடப்பது பாடத்துக்கு மெட்டுப் போடுவது.

மெட்டுப் போடுவது நமக்குப் புதிதில்லை. வாய்ப்பாட்டை ராகம் இழுத்துச் சொல்லித்தான் நம் முன்னோர் படித்தார்கள். நன்றாக மனதில் நின்றது. ஆனால் அப்படிப் படித்த பிள்ளையிடம் திடீரென்று ஏழெட்டு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். ஓரேழில் தொடங்கி உதட்டுக்குள் பாடிக்கொண்டு எட்டு வரைக்கும் வந்துதான் பதில் சொல்லும். பாட்டாகப் போனது பாட்டாகத்தான் வெளியே வரும், அதுவும் முதல் அடியிலிருந்து. ஒழுங்குமுறையாக ஒன்றை மனனம் செய்ய அது போதும். ஏன், எப்படி என்ற கேள்விக்கு உதவாது.

இனி மற்ற வகை. சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் தரம் 7 வகுப்பொன்றைப் பார்க்கக் கிடைத்தது. பொ.ம.சி, அதாவது பொது மடங்குகளுட் சிறியது, அன்றைய பாடம். மிருதங்கக்காரர் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் ‘தகிட’, மறு பக்கம் ‘தகதிமி’, எழுத்துக்கு எழுத்து ஒரே வேகம். சொல்லின் முதல் எழுத்து வரும்போது மட்டும் கைதட்ட வேண்டும். மூன்றும் நாலும் பிரிந்து பிரிந்து போய்ப் பன்னிரண்டு எழுத்து முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே தட்டாக விழுந்தன. கணித ரீச்சர் கரும்பலகையில் 3, 6, 9, 12 என்று ஒரு வரி, 4, 8, 12 என்று ஒரு வரி எழுதினார். பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்தார்கள்.

அடுத்து நாலும் ஆறும். ‘தகதிமி’ ஒரு பக்கம், ‘தகதிமிதக’ மறு பக்கம். தொடங்குமுன் எத்தனையில் சேரும் என்று கேட்டார். பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பி, “இருபத்துநாலு சேர்!” என்றான். மூன்றையும் நாலையும் பெருக்கப் பன்னிரண்டு வந்ததே, இதுவும் அப்படித்தானே என்பது அவன் கணக்கு. தட்டினார்கள். பன்னிரண்டிலேயே இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டன. “சேர், முந்தீட்டம்! திரும்பத் தட்டுவம்!” என்று அவனே கத்தினான். திரும்பத் தட்டினாலும் பன்னிரண்டுதான். பெருக்கி வருவது வேறு, பொது மடங்குகளுட் சிறியது வேறு என்பதைப் பயிற்சிக் கொப்பியில் பத்துக் கணக்குச் செய்தும் பிடிக்காத பிள்ளைகள் உண்டு. இங்கே இரண்டு நிமிடத்தில் கையிலேயே பிடிபட்டது. ஏன் முந்தியது என்று ரீச்சர் கேட்க, நாலுக்கும் ஆறுக்கும் இரண்டு பொதுக் காரணி என்பது வரைக்கும் அவர்களாகவே வந்தார்கள். மிருதங்கக்காரர் கடைசியில் ஆதிதாளத்தின் எட்டு அட்சரத்துக்குள் ‘தகதகிட’ என்ற ஐந்தை ஓடவிட்டு, எங்கே சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, வரும் என்று கேட்டுவிட்டுப் போனார். நாற்பதில், ஐந்து ஆவர்த்தனம், அதாவது ஐந்து தாளச் சுற்று, முடிய.

இதில் கணக்குக்கு மேல் தாளம் பூசப்படவில்லை. கோர்வை, அதாவது கணக்குப் பார்த்துக் கட்டிய முடிப்பு, வைக்கிற எந்த வித்துவானும் மேடையில் இதே கணக்கைத்தான் போடுகிறார்.

பின்னமும் அப்படித்தான். 60 சென்ரிமீற்றர் நீளத் தந்தியை மீட்டுங்கள், அது சட்ஜம். 30இல் நிறுத்தி மீட்டினால் மேல் சட்ஜம். 40இல் பஞ்சமம், 45இல் மத்திமம். அரை, மூன்றில் இரண்டு, நாலில் மூன்று. அளவு பிழைத்தால் காதே சொல்லிவிடும், விடைத்தாள் திருத்த ஆள் தேவையில்லை. சுரத்தானங்களை இப்படிக் கணக்காகவே அலசி ‘யாழ் நூல்’ எழுதிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்துப் படிப்பித்தவர் என்பதை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். தமிழ்ப் பேராசிரியர் என்று மட்டும் படம் மாட்டி வைத்திருக்கிறோம்.

நடனத்தில்தான் ஏமாற அதிக இடம். நீர் வட்டத்துக்கு நீலத் தாவணி கட்டி, முகில் முத்திரை பிடித்து, மழை பொழிவது போல் விரல்களை இறக்கி ஆடுவார்கள். அழகாக இருக்கும், பரிசளிப்பு விழாவில் கைதட்டலும் கிடைக்கும். ஆடி முடித்த பிள்ளையிடம் முகில் ஏன் உண்டாகிறது என்று கேட்டால் முத்திரையைத்தான் திரும்பக் காட்டும். அதே நடனக் கலைஞர் திண்மம், திரவம், வாயு என்று மூன்று நிலையை எடுத்து, தோளோடு தோள் நெருங்கி நின்ற இடத்திலேயே அதிரச் சொல்லி, பிறகு ஒருவரையொருவர் தொட்டபடி வழுகி நகரச் சொல்லி, அப்புறம் மண்டபம் முழுக்கச் சிதறி ஓடச் சொன்னால் பிள்ளைகளே துணிக்கைகள் ஆகிவிடுகிறார்கள். வாயுவை ஏன் அமுக்கலாம், திண்மத்தை ஏன் அமுக்க முடியாது என்று அதற்குப் பிறகு கேட்டால் பதில் வரும். முகில் நடனத்தை விட இதற்கு அலங்காரம் குறைவு, பெற்றோர் போன் தூக்கிப் படம் எடுக்க ஒன்றும் இருக்காது.

அடுத்து, வகுப்பாசிரியர் எங்கே இருக்கிறார்? இதுதான் நான் முக்கியமாகக் கேட்பது. கொட்டாஞ்சேனை வகுப்பு சரியாக வந்ததற்குக் காரணம் கணித ரீச்சர் கரும்பலகை அருகில் நின்றதுதான். மிருதங்கக்காரருக்கு நாற்பது தெரியும், பொ.ம.சி தெரியாது. ரீச்சருக்கு மறுபக்கம். ‘கலைஞர் வருகிறார், ஸ்டாஃப் ரூமில் கொப்பி திருத்தலாம்’ என்று வகுப்பாசிரியர் போய்விட்டால் அது ஒரு பாடவேளைப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அமெரிக்காவில் வேர்ஜீனியாவின் வுல்ஃப் ட்ராப் நிறுவனம் 1981 முதல் மேடைக் கலைஞர்களைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளுக்கு அனுப்பி வருகிறது. அங்கே கலைஞர் ஆசிரியரோடு சேர்ந்தே திட்டமிடுவார், வர வர ஆசிரியர் கைக்கு மாற்றிக் கொடுப்பார். கலைஞர் போன பிறகும் முறை வகுப்பில் நிற்கும். அவர்களின் கணிதத் திட்டத்தை வெளியார் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பிள்ளைகள் 26 முதல் 34 நாள் படிப்புக்குச் சமமாக முன்னே நின்றார்கள். ஹூஸ்டன் நகரில் 42 பாடசாலைகளில் குலுக்கல் முறையில் செய்த ஆய்வும் உண்டு. கலை நிறுவனங்களோடு சேர்ந்து இயங்கிய பாடசாலைகளில் எழுத்தாக்கப் பரீட்சைப் புள்ளி உயர்ந்தது, ஒழுக்கக் குற்றங்கள் குறைந்தன. 2019இல் வெளிவந்த அந்த முடிவைக் கணக்குப் புள்ளிக்குச் சாட்சியாகக் குழுவில் யாராவது போட்டால் நம்பாதீர்கள்.

ஸ்கொலர்ஷிப் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். கொழும்பில் ஒரு நல்ல பாடசாலை இடத்துக்கு அந்தப் புள்ளி என்ன பெறுமதி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாரத்துக்கு இரண்டு பாடவேளையால் கெட்டுப்போகிற தயார்ப்படுத்தல் இல்லை அது, பின்னேரமும் சனி ஞாயிறும் ரியூஷன்தானே. நமது ஆரம்பக் கல்விப் பாடத்திட்டமே விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றையும் சொல்கிறது. மூன்றாம் முதன்மை நிலைக்கு, அதாவது தரம் 5க்கு, வரும்போது மேசை வேலை கூடவேண்டும் என்று அது சொன்னதை, மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள் என்று நாம் வாசித்துக்கொண்டோம்.

வயலினை நிறுத்த வேண்டாம். அது கணக்குக்கு உதவும் என்பதற்காகச் சொல்லவில்லை. பத்து வயதில் விரல் பழகுவதுபோல் பதின்மூன்றில் பழகாது. “ஸ்கொலர்ஷிப் முடியட்டும், பிறகு பாப்பம்” என்று போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் குறைவு என்று எந்தச் சங்கீத ரீச்சரைக் கேட்டாலும் சொல்வார். வேண்டுமானால் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் வகுப்பைக் குறையுங்கள்.

அதிபரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கலைஞரும் வகுப்பாசிரியரும் முன்கூட்டிச் சேர்ந்து உட்கார நேரம் ஒதுக்கியிருக்கிறதா? எந்தெந்தப் பாட அலகுகள் என்று பெயர் சொல்ல முடியுமா, அல்லது ‘எல்லாவற்றையும்’ என்கிறாரா? எல்லாவற்றையும் என்றால் நீலத் தாவணிதான் வரப்போகிறது. கடைசியாக, கலைஞர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? ரியூஷன் மாஸ்டருக்கு மாதம் பிறக்குமுன் காசு கட்டுகிற நாம், மிருதங்க வித்துவானுக்குத் தவணை முடிவில் ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பிவிடுவோம். அப்படி வருகிறவர் மூன்றாம் வாரம் கச்சேரி கிடைத்ததும் போய்விடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்த மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் திட்டத்துக்குக் கையைத் தூக்குங்கள். முதல் இரண்டுக்கு மட்டும் வந்தால், பெற்றோர் சேர்ந்து மாதத்துக்கு எவ்வளவு போடலாம் என்று அந்த வட்ஸ்அப் குழுவிலேயே கேட்டுப் பாருங்கள்.