தெரு மரங்களை மொத்தமாக வெட்டப் போகிறார்கள், தடுக்க முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற செவிலியர். தென் மாவட்டத்தில் சில வருடங்களுக்கு முன் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஓர் ஊரில், ஒரே தெருவில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். தெருவில் 14 மரங்கள் இருந்தன. தூங்குமூஞ்சி, புங்கம், வேம்பு, இரண்டு பூவரசு. போன ஐப்பசியில் மழைநீர் வடிகாலுக்காக ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். அடிமரத்திலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளவில்லை. பத்து நாள் கழித்து, மழையோடு காற்றடித்த ஒரு ராத்திரியில் தூங்குமூஞ்சி ஒன்று வேரோடு சாய்ந்து என் மகனுடைய ஸ்கூட்டரை நசுக்கிவிட்டது. இப்போது "எல்லா மரமும் ஆபத்து" என்று மிச்சமுள்ள 13 மரத்திலும் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். கேட்டால், "ஒன்றுக்குப் பத்தாக நட்டுத் தருவோம், கவலைப்படாதீங்கம்மா" என்கிறார் ஒப்பந்ததாரர். முனைக் கடைக்காரர் வேறு, போர்டு மறைக்கிறது என்று வேப்பமரம் பட்டுப்போகட்டும் எனத் துளை போட்டுப் பெருங்காயம் வைத்ததை நானே பார்த்தேன். வெட்டுவதை நிறுத்த முடியுமா? ஸ்கூட்டருக்கு நஷ்டஈடு கிடைக்குமா? சாய்ந்த மரம் இருந்த இடத்தில் நானே ஒரு கன்று வைக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தின் ஓரத்தில் கை மணிக்கட்டுப் பருமனுள்ள வேர்கள் வரிசையாக நறுக்கப்பட்டு, வெட்டிய சேனைக்கிழங்கு மாதிரி தெரிகின்றன. அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். உங்கள் மூன்று கேள்விகளில் இரண்டுக்கு அதுதான் அடிப்படை.

முதலில், கசப்பான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-லும், கர்நாடகத்துக்கு 1976-லும், டெல்லிக்கு 1994-லும் மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1955-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு, ஆனால் அது மலைப்பகுதிகளுக்கு மட்டும். உங்கள் ஊர் மாதிரிச் சமவெளி நகரத்தில் தெருமரத்துக்கென்று அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதற்காக யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்று ஆகிவிடாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளைத் தொடர்ந்து 2021-ல் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அரசு அமைத்தது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர், மாவட்ட வன அலுவலர் உறுப்பினர் செயலர். பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டுமென்றால் அந்தக் குழுவிடம் போய், காரணம் சொல்லி, அனுமதி வாங்க வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்பதும் அந்த ஏற்பாட்டின்படிதான். ஒப்பந்ததாரர் அதைத் தன் வள்ளல் குணம்போலச் சொல்கிறார். அவர் தருவதற்கு அதில் ஒன்றுமில்லை அம்மா, அது அனுமதியோடு வருகிற நிபந்தனை. அனுமதியே வாங்காமல் நிபந்தனையை மட்டும் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏன் வெட்டுகிறீர்கள்" என்பது அல்ல. "பசுமைக் குழு அனுமதி எங்கே, அதில் எந்தெந்த மரம் இருக்கிறது" என்று கேளுங்கள். 13 மரத்துக்கும் சேர்த்து "ஆபத்து" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அந்த அனுமதியே ஆட்டம் காணும். மரத்துக்கு மரம் பார்க்க வேண்டும். தூங்குமூஞ்சிக்கு வேர் போயிருக்கலாம். எதிர்ப்பக்கம் பள்ளமே தோண்டாத பூவரசுக்கு என்ன ஆபத்து? வக்கீலாக நீதிமன்றத்தில் என் வாதம் இங்கிருந்துதான் தொடங்கும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே சாய்கிற நிலையில் உள்ள மரத்தை உடனே எடுக்க உள்ளாட்சி நிர்வாகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நாளை பள்ளிக்கூடப் பிள்ளை மேல் விழும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆவது பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133) விழக்கூடிய மரத்தின் விஷயத்தில் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடலாம். ஆனால் அந்தப் பிரிவின் வாசகத்தைக் கவனியுங்கள். மரத்தை "அகற்ற" என்று மட்டும் அங்கே இல்லை, "தாங்கிப் பிடிக்க" என்றும் இருக்கிறது. கிளையைக் கழித்துப் பாரத்தைக் குறைப்பது, முட்டுக் கொடுப்பது, வேர்ப்பக்கம் மண் அணைப்பது எல்லாம் சட்டம் ஒப்புக்கொள்கிற வழிகளே. வெட்டுவதற்கு முன் இவற்றை யோசித்தீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி வேலை. இந்த வாரமே தையல் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றி அளந்து, மரத்தின் பெயர், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே நிற்கிறது, பள்ளம் எவ்வளவு தூரம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று படம் எடுங்கள்: முழு மரம், அடிமரம், சிவப்புக் குறி. அப்புறம் அந்தச் சாலை யாருடையது என்று விசாரியுங்கள். மாநகராட்சித் தெருவா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் யாராவது மரத்தின் பலனை அனுபவிக்க 2சி பட்டா வைத்திருக்கிறார்களா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நகரத் தெருவில் பெரும்பாலும் இருக்காது.

மனுவை ஆணையருக்கு எழுதி, ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் போடுங்கள், ஒப்புகை அட்டையோடு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நேரிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் நாலு பேரோடு போய்ப் பேசி, நீங்கள் சொன்னதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதெல்லாம் சடங்கு மாதிரித் தோன்றும். உயர் நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதி கேட்கிற முதல் கேள்வி, "அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா, எப்போது?" என்பதுதான். அந்தத் தேதி ரம்பம் வந்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

அதே நாளில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். வடிகால் வேலையின் மதிப்பீடு, பசுமைக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, மரங்களை நேரில் பார்த்தவரின் அறிக்கை, வெட்டும் மரத்துக்குப் போட்ட விலை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். முந்தைய வருடங்களில் உங்கள் மாநகராட்சியில் வெட்டியதற்குப் பதிலாக நட்ட கன்றுகள் எங்கே, அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றும் கேளுங்கள். காகிதத்தோடு நிற்க வேண்டாம். நடக்கிற வேலையை நேரில் பார்வையிடுவதும் அந்தச் சட்டம் தரும் உரிமைக்குள் வருகிறது. கன்று நட்ட இடத்தைக் காட்டுங்கள் என்று சொல்லலாம். சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒருவர் அப்படிக் கேட்டுக்கொண்டு போனார். காட்டிய இடத்தில் பச்சை வலைக் கூண்டுகள் மட்டும் வரிசையாக நின்றன, உள்ளே குச்சி. அவர் எடுத்து வந்த அந்த ஒரு படம் வழக்கில் எனக்குப் பத்துப் பக்க வாதத்தைவிட உதவியது.

மனு கொடுத்தும் ரம்பத்தோடு வந்துவிட்டால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு இடைக்காலத் தடை கேட்கலாம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, அதுவும் ஒரு வழி. ஆனால் அங்கே பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்கத்தில் ஜெசோர் சாலையில் 356 மரங்களை மேம்பாலங்களுக்காக வெட்டுவது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் நியமித்த நிபுணர் குழு ஒரு மரத்தின் மதிப்பு வருடத்துக்கு 74,500 ரூபாய் என்று கணக்குச் சொன்னது. நாடே அதைப் பேசியது. ஆனாலும் 2023-ல் உச்ச நீதிமன்றம் வெட்டும் அனுமதியை உறுதி செய்துவிட்டது. மறுபக்கம், ஆக்ரா வட்டாரத்தில் அனுமதி இல்லாமல் 454 மரங்களை வெட்டிய வழக்கில் 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மரத்துக்கு ஒரு லட்சம் வீதம் அபராதம் போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரம் உயர்ந்தது என்று மட்டும் சொல்லி நீதிமன்றத்தில் ஜெயிப்பது கடினம். முறைப்படி அனுமதி இல்லை, மாற்று வழி பார்க்கவில்லை என்று காட்டினால் ஜெயிக்கலாம். உங்கள் வழக்கில் மாற்று வழி எளிது. வடிகாலை மரத்துக்கு நேராக வருகிற இடத்தில் இரண்டடி சாலைப் பக்கம் வளைத்தாலே பாதி மரம் தப்பும். பொறியாளர் ஒருவரிடம் ஒரு வரைபடம் வாங்கி மனுவோடு சேருங்கள்.

சரி, ஸ்கூட்டர். வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தால் முதலில் அங்கே கோருங்கள், மரம் விழுந்த சேதமும் அதில் வரும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் கிடைக்காது. அப்போது மாநகராட்சியைத்தான் கேட்க வேண்டும். "காற்று அடித்தது, இயற்கையின் செயல்" என்றுதான் பதில் வரும். இங்கேதான் அந்த நறுக்கிய வேர்ப் படம் பேசும். காற்று எல்லா மரத்துக்கும்தான் அடித்தது, வேர் அறுத்த மரம் மட்டும் ஏன் சாய்ந்தது? டெல்லியில் 1964-ல் ஸ்கூட்டரில் போன ஒருவர் தலையில் சாலையோர வேப்பமரத்தின் கிளை முறிந்து விழுந்து அவர் இறந்துபோனார். உச்ச நீதிமன்றம் 1999-ல் மாநகராட்சியின் பொறுப்பை உறுதி செய்தது. சாலையோர மரத்தைப் பார்த்துப் பராமரிப்பது உள்ளாட்சியின் கடமை என்பது அப்போதே முடிந்துபோன விஷயம். ஆனால் 35 வருடம் என்பதையும் பாருங்கள். ஒரு ஸ்கூட்டருக்காக அவ்வளவு இழுக்க வேண்டாம். பழுதுபார்க்கும் மதிப்பீட்டை வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், ஒப்பந்ததாரரையும் சேர்த்து. ஒப்பந்ததாரர் தன் பணப் பட்டுவாடா நிற்காமல் இருக்கப் பெரும்பாலும் பேசி முடிக்கவே பார்ப்பார். வழக்கு என்று வந்தால் ஓராண்டைத் தாண்ட விடாதீர்கள். பொதுவாக மூன்றாண்டு என்று சொல்வார்கள். ஆனால் சட்டப்படி செய்த வேலையில் நேர்ந்த சேதம் என்று எதிர்த்தரப்பு காலவரையறைச் சட்டத்தின் 72-ஆவது கூறைக் காட்டும். அதில் ஒரே வருடம்தான்.

கடைக்காரர் விஷயத்தை லேசாக விடாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 324-ஆவது பிரிவில், உள்ளாட்சிச் சொத்துக்குச் சேதம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறை. சேதத்தின் மதிப்பு கூடினால் தண்டனையும் கூடும். நாளை அவர் மரத்தை வெட்டி எடுத்துப்போனால் திருட்டும் சேரும். மண்ணிலிருந்து பிரித்த கணத்தில் மரம் திருடக்கூடிய பொருளாகிவிடுகிறது. ஆனால் உடனே காவல் நிலையத்துக்கு ஓட வேண்டாம். துளையைத் தேதியோடு படமெடுத்து, ஆணையருக்குத் தனி மனுவாகக் கொடுங்கள். சொத்து மாநகராட்சியுடையது, புகாரும் அவர்களிடமிருந்து போனால்தான் வலு. அவர்கள் சும்மா இருந்தால் நீங்களே காவல் நிலையத்தில் கொடுக்கலாம். ஒரே தெருவில் இன்னும் எத்தனையோ வருடம் அவரோடு முகம் பார்த்து வாழ வேண்டியிருக்கிறது. போர்டு மறைக்கிற ஒரு கிளையை மாநகராட்சியே கழித்துத் தருமானால் அவருடைய கோபம் தீர்ந்துவிடும். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டுப் பார்ப்பேன்.

கடைசியாக, கன்று. வைக்கலாம். ஆனால் இடம் உங்களுடையது இல்லை என்பதால் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதி, சாய்ந்த மரத்தின் எண்ணையும் இடத்தையும் குறிப்பிட்டு அனுமதி கேளுங்கள். "பதிலாக நட வேண்டிய கன்றுகளில் ஒன்றாக இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று ஒரு வரியும் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் கன்றையே அவர்கள் கணக்கில் காட்டிவிடுவார்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். கம்பிக்குக் கீழே சரக்கொன்றை, மந்தாரை போதும். கம்பி இல்லாத பக்கம் புங்கம் வையுங்கள். நர்சரியில் சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரக்கன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். குஜராத் 2023-ல் அதைத் தடை செய்தது, தமிழ்நாட்டு அரசும் அதை நடக் கூடாது என்று சொல்லிவிட்டது. சிமெண்ட் போடுகிறவர்களிடம் அடியைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விடச் சொல்லுங்கள். 2013-ல் டெல்லிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன அளவு அது. தமிழ்நாட்டு அதிகாரியைக் கட்டுப்படுத்தாது என்றாலும் கடிதத்தில் எழுத நல்ல அளவுகோல்.

பழைய மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்றால் அதற்கு இரண்டடி தள்ளிக் குழி எடுங்கள். கார்த்திகை மழை இருக்கும்போதே நட்டுவிட்டால் முதல் சில வாரம் தண்ணீர்க் கவலை குறைவு. ஆடுமாடு வருகிற தெருவா?