சண்டையே குறைவு, பேச்சுதான் அதிகம். 'இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' எப்படிப் போர்ப்படம் ஆகும்?

ஆளாளுக்கு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சுதான் அங்கே சண்டை.

முதல் காட்சியையே எடுங்கள். 1941, ஜெர்மன் பிடியில் பிரான்ஸ், ஒரு பால் பண்ணை வீடு. நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி லாண்டா வருகிறான், பால் வாங்கிக் குடிக்கிறான், அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான். நடுவில் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேட்கிறான், அது ஏன் என்றால் தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும் யூதக் குடும்பத்துக்கு ஆங்கிலம் புரியாது, அது நமக்கு அப்புறம்தான் உறைக்கிறது. பண்ணைக்காரர் கண் கலங்கி உண்மையைச் சொல்லும்வரை ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. லாண்டாவாக நடித்த கிறிஸ்டோப் வால்ட்ஸுக்கு ஆஸ்கர் கொடுக்க இந்த ஒரு காட்சியே போதும் என்பேன்.

நிலவறை மதுக்கடையிலும் இதே கதைதான், ஜெர்மன் உடுப்பில் இருக்கும் பிரிட்டிஷ் அதிகாரி கட்டைவிரலை மடக்கி மூன்று விரல் காட்டி மூன்று கிளாஸ் கேட்கிறான், ஜெர்மானியர் கட்டைவிரலில் தொடங்கித்தான் எண்ணுவார்கள், குட்டு உடைகிறது.

பழிவாங்கல்? அந்த யூதக் குடும்பத்தில் பண்ணையிலிருந்து தப்பிய பெண் ஷோஷானா 1944இல் பாரிஸில் தன் தியேட்டருக்குள் ஹிட்லர் உள்ளிட்ட நாஜித் தலைவர்களை வைத்து, சட்டென்று தீப்பிடிக்கும் நைட்ரேட் படச்சுருள்களைக் கொளுத்த வைக்கிறாள். வரலாற்றில் இது நடக்கவில்லை, ஹிட்லர் 1945இல் பெர்லின் பதுங்குகுழியில் தற்கொலை செய்துகொண்டான். ஆனாலும் படத்தில் நாஜிகளைக் கொன்று தலைத்தோல் உரிக்கும் அமெரிக்கப் படையைவிட அவள் கோபம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது.