முன்னறையா, கடைத்தெருவா? அழகு நிலையம் நடத்துவோருக்கான கேள்வி – பதில்

கேள்வி: அழகுக்கலையில் பட்டயப் படிப்பு முடித்து, மூன்று ஆண்டுகள் ஒரு பார்லரில் வேலை பார்த்தேன். கையில் 2 லட்ச ரூபாய் இருக்கிறது. கடைத்தெருவில் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு ஓர் இடம் வருகிறது. முன்பணம் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். எடுக்கலாமா, வீட்டு முன்னறையிலேயே தொடங்கலாமா? கடன் கிடைக்குமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முன்பணத்தைக் கொடுத்துவிட்டால், நாற்காலி, கண்ணாடி, ஸ்டீமர், தலை அலசும் பேசின் எல்லாவற்றையும் மீதி ஐம்பதாயிரத்துக்குள் வாங்கி, முதல் மாத வாடகையையும் அதிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே அந்த இடம் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால், வாடகை மட்டுமே நாளொன்றுக்கு 577 ரூபாய். புருவம் திருத்த நீங்கள் 50 ரூபாய் வாங்கினால், தினமும் முதல் பன்னிரண்டு பேர் கொடுக்கும் பணம் கட்டட உரிமையாளருக்கே போய்விடும்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் மணப்பெண் அலங்கார வருமானம் ஏறக்குறைய நின்றுபோகும்; அந்த மாதங்களில் கடையைத் தாங்குபவர்கள், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை திரெட்டிங்குக்கு வருபவர்கள்தாம். அவர்களில் பலர் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவதில்லை, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி வருகிறார்கள். தெருவிலிருந்து உள்ளே தெரியாத, செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உட்காரக்கூடிய முன்னறையை அவர்கள் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் வீட்டு மின் இணைப்பிலேயே பார்லரை ஓட்டாதீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு வசூலிக்க இடமுண்டு.

கடனைப் பொறுத்தவரை, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள் திட்டச் செலவில் 5 சதவீதம் போட்டால் போதும்; மானியம் நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 சதவீதம். அந்த மானியம் கையில் தரப்படுவதில்லை. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகே கடனில் கழிக்கப்படும். இத்திட்டம் புதிய தொழிலுக்கு மட்டுமே என்பதைப் பலர் கடை திறந்த பிறகுதான் அறிகிறார்கள். எனவே பலகை மாட்டுவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் வாருங்கள். கடன் கிடைத்தபின் செய்யும் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, முற்றிலும் இலவசம். அதற்கும் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: என்னிடம் ஐந்தாறு முறை ஹேர் டை போட்டுக்கொண்ட ஒருவருக்கு, இம்முறை மறுநாளே நெற்றியோரம் அரித்து, இமை வீங்கிவிட்டது. அதே சாயம்தான். என் தவறு என்ன?
– வாசகி, மன்னார்குடி

பதில்: முன்பு ஒத்துக்கொண்டது என்பதால் சோதிக்காமல் போட்டதுதான். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருக்கும் பாரா பினைலின் டையமின் என்னும் வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை, பல முறை பயன்படுத்திய பிறகும் புதிதாகத் தோன்றக்கூடும். ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ ஒரு பொட்டளவு தடவி, 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போட வேண்டும். "நாளைக்குக் கல்யாணம், இப்போதே போட்டுவிடுங்கள்" என்பவரைத் திருப்பி அனுப்புவது சங்கடம்தான், அனுப்பிவிடுங்கள். அந்த அம்மாவைத் தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். இனி அவருக்கு இந்தச் சாயம் கூடாது என்று உங்கள் நோட்டில் பெயரோடு எழுதி வையுங்கள். மாற்றாகக் கறுப்பு மருதாணிப் பொடியையும் எடுக்க வேண்டாம். மருதாணி தானாகத் தருவது செம்பழுப்பு நிறம்தான். கறுப்பு வருகிறது என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது, பல நேரம் இதே வேதிப்பொருள்தான்.

கேள்வி: நான் பழக்கிய பெண் பக்கத்துத் தெருவிலேயே பார்லர் திறந்துவிட்டார். அடுத்து வருபவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: வாங்கலாம், ஆனால் நீதிமன்றத்தில் நிற்காது. வேலையை விட்டபின் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்னும் நிபந்தனை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. நீங்களும் நானும் யாரிடமோ கற்றுக்கொண்டு வெளியே வந்தவர்கள்தாமே. வாடிக்கையாளர்களின் எண்கள் பணிப்பெண்ணின் கைப்பேசியில் இல்லாமல் கடையின் கைப்பேசியில் இருக்கட்டும். வரும் நேரத்தைக் குறித்துக் கொடுப்பதையும் நீங்களே பேசிச் செய்யுங்கள்.